மீன்பாடி வண்டிக்கு இடமில்லை

சௌகார்பேட்டையில் ஒரு மொத்தக் கடையின் ஷட்டருக்கு முன்னால், மூட்டை ஏற்றி மிதிக்கிற தன் மூன்று சக்கர மீன்பாடி வண்டியிலேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு தாத்தாவுக்குக் காப்பகத்தில் ஒரு இடம், கையில் ஒரு ஆதார், மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை. இந்த மூன்றுக்கும் ஒரு வருடம் ஓடிவிட்டது. தெருவில் படுப்பவர்களைக் காப்பகத்தில் சேர்க்கிற இந்த வேலைக்கு நான் புதுசு இல்லை. வாராவாரம் ராத்திரி ரவுண்டு போகிற ஆள்தான். அப்படியிருந்தும் ஒரு வருடம்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் அடித்து ஓய்ந்த நேரம். ரேஷன் கடைகளில் 6,000 ரூபாய் நிவாரணத்துக்கு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதுவரை போர்வை கொடுத்தால் வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் தாத்தா, அன்றைக்குத்தான் முதல்முறையாக அவராகவே கூப்பிட்டார். "யம்மா, அந்த ஆறாயிரம் நமக்கெல்லாம் உண்டா?" ரேஷன் கார்டு இருக்கிறதா என்றேன். சிரித்தார். புயலின்போது முழங்கால் தண்ணீரில் இரண்டு ராத்திரி வண்டி மேலேயே குந்திக்கொண்டு இருந்திருக்கிறார். வெள்ளத்தில் மாட்டியவருக்கு வெள்ள நிவாரணம் வாங்க கார்டு இல்லை. அந்தப் பணம் கடைசிவரை கிடைக்கவில்லை, ஆனால் பேச்சு ஆரம்பித்தது. ஒன்று சொல்கிறேன்: தெருவில் இருப்பவரிடம் "உங்களுக்கு என்ன உதவி வேண்டும்" என்று நீங்கள் கேட்டால் பதில் வராது. அவர் உங்களை ஒன்று கேட்கும்வரை காத்திருங்கள். மூன்று மாதமானாலும் சரி.

காப்பகம் என்றதும் முகம் கறுத்தது. பழைய ஆட்களுக்கு அந்தப் பயம் போகாது. 1945ஆம் வருடத்து பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. வேனில் அள்ளிக்கொண்டு போய் மேல்பாக்கத்துப் பிச்சைக்காரர் முகாமில் விட்டுவிடுவார்கள் என்கிற கதை ஒவ்வொரு பிளாட்பார்மிலும் உண்டு. "நான் பிச்ச எடுக்கல, லோடு அடிக்கிறேன்" என்று நான்கு தடவை சொன்னார். மாநகராட்சிக் காப்பகம் வேறு, காலையில் வேலைக்குப் போய்விட்டு ராத்திரி வரலாம் என்று புரியவைக்கவே ஜனவரி போய்விட்டது.

சம்மதித்த அன்று இரவே ஆட்டோவில் கூட்டிப்போனேன். அதுதான் முதல் தப்பு. முதல் காப்பகத்தில் பொறுப்பாளர் ரிஜிஸ்டரைத் திறக்கவே இல்லை. "போலீஸ் மெமோ எங்க மேடம்?" ஆள் இந்த இடத்தில்தான் தங்கியிருந்தார் என்று ஸ்டேஷனில் எழுதித் தரும் சீட்டு அது. ஒவ்வொரு காப்பகமும் ஒவ்வொரு கணக்கு வைத்திருக்கிறது. சிலர் மெமோ கேட்பார்கள், சிலர் சளிப் பரிசோதனை ரிசல்ட் கேட்பார்கள், சிலர் ஒன்றுமே கேட்காமல் பாயைக் கொடுப்பார்கள். முன்கூட்டியே போன் செய்து கேட்டிருக்க வேண்டும். இரவு பதினொன்றரைக்கு அவரை அதே ஷட்டர் முன்னால் திரும்ப இறக்கிவிட்டபோது, எதுவும் சொல்லாமல் வண்டிச் சங்கிலியை இழுத்துப் பார்த்துக்கொண்டார். அத்தனை நாள் பேச்சில் பாதி அன்றைக்கே கரைந்துவிட்டது.

மெமோ வாங்கப் போன கதை இன்னும் கேவலம். தாத்தா படுக்கிற இடம் ஒரு ஸ்டேஷன் எல்லை, எதிர்ச்சாரி வேறொரு ஸ்டேஷன் எல்லை. முதல் ஸ்டேஷன் ரைட்டர், "அந்தக் கடை எங்க லிமிட்டே இல்லம்மா" என்று அனுப்பினார். இரண்டாவது ஸ்டேஷனில் "ஷட்டர் எங்க பக்கம் இல்ல, போய்ப் பாருங்க" என்றார்கள். இரண்டு தடவை சாலையைக் குறுக்கே கடந்தேன். கடைசியில் மொபைலில் மேப்பைத் திறந்து, தாத்தா வண்டியோடு நிற்கிற போட்டோவைக் காட்டி, கடையின் கதவு எண்ணைச் சொன்ன பிறகுதான் முதல் ரைட்டர் பேப்பரை எடுத்தார். அவரைத் திட்டவும் மனசு வரவில்லை. பக்கத்தில் இரண்டு குடும்பச் சண்டைகள் உட்கார்ந்திருந்தன. போகிறவர்கள் கதவு எண்ணும் போட்டோவும் இல்லாமல் போகாதீர்கள். பகல் பதினொன்றிலிருந்து ஒன்றுக்குள் போங்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் ஓபி சீட்டு, சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் ஒரே காலையில் முடிந்தது. எக்ஸ்ரே அறையில் மட்டும் கழுத்தில் தொங்கிய சாவியைக் கழற்றச் சொன்னார்கள். வண்டிப் பூட்டுச் சாவி. கழற்றினார், யாரிடமும் கொடுக்கவில்லை. உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டே எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார்.

அந்தச் சாவியைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். மெமோ, ரிசல்ட், எல்லாம் எடுத்துக்கொண்டு இரண்டாம் தடவை போனோம். இந்த முறை அவர் ஆட்டோவில் ஏறவில்லை, வண்டியை மிதித்துக்கொண்டே பின்னால் வந்தார். பொறுப்பாளர் பேப்பரை எல்லாம் பார்த்துத் தலையாட்டிவிட்டு வாசலை எட்டிப் பார்த்தார். "ஆளுக்குத்தான் இடம், வண்டிக்கு இல்ல." தாத்தா திரும்பி மிதிக்க ஆரம்பித்துவிட்டார். எனக்குக் கோபம் யார்மேல் என்றே தெரியவில்லை. லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், வருடம் முழுக்க, நாள் முழுக்கத் திறந்திருக்க வேண்டும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தலைக்கு ஐம்பது சதுர அடி என்று மத்திய அரசின் காப்பகத் திட்டத்தில் விதி இருந்தது. அந்த ஐம்பதில் ஒரு மீன்பாடி வண்டி அடங்காது. பிளாட்பார்மில் இருப்பவர்களிடம் ஒன்றுமே இல்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அவருக்கு அந்த வண்டிதான் வேலை, கட்டில், புயலில் மேடு.

வழி விட்டது வேறொரு காப்பகத்தின் ராத்திரி வாட்ச்மேன். பழைய மாநகராட்சிக் கட்டடம் அது. அவர் ஒரு காலத்தில் இதே லோடு வண்டி ஓட்டியவராம். டயரை ஒரு முறை தட்டிப் பார்த்துவிட்டு, "பம்ப் ரூம் பக்கத்துல சங்கிலி போட்டு வுடு நைனா, நான் பாத்துக்கிறேன்" என்றார். முடிந்தது. எந்த ஆர்டரும் இல்லை, எந்த மனுவும் இல்லை. அன்றிரவு தாத்தா உள்ளே படுத்தார். முதல் வாரம் இரண்டு மணிக்கொரு தடவை எழுந்துபோய்ச் சங்கிலியைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார்கள்.

ஆதாரில் நான் செய்த முட்டாள்தனத்தை எழுதினால்தான் மற்றவர்களுக்குப் பயன். "ஆதார் இருக்கா?" என்றேன். "இல்லமா" என்றார். புதிதாகப் பதிந்துவிட்டேன். காப்பகப் பொறுப்பாளர் கையெழுத்து போட்ட சான்றிதழ் போதும். அதற்கென்று ஆதார் ஆணையத்தின் படிவம் உண்டு. போட்டோ மேல் பாதி, பேப்பர் மேல் பாதி விழுகிற மாதிரி சீல் வைக்க வேண்டும், அடித்தல் திருத்தல் கூடாது, மூன்று மாதம்தான் செல்லும். விரல் ரேகை நான்கு தடவை எடுத்தும் சரியாக வரவில்லை. முப்பது வருடம் மூட்டை தூக்கிய விரல்கள், கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தன. கண்ணை வைத்து ஒப்பேற்றினார்கள். சில வாரம் கழித்து நிராகரிப்பு: ஏற்கெனவே ஆதார் உள்ளது.

"இல்லன்னு சொன்னீங்களே தாத்தா?" "இல்லதானே. தொலஞ்சு போச்சு." அவர் சொன்னதில் தப்பே இல்லை. கேள்விதான் தப்பு. "எப்பவாவது கைரேகை வச்சு, கண்ணைக் காட்டி போட்டோ எடுத்தாங்களா?" என்று கேட்டிருக்க வேண்டும்.

தொலைந்த ஆதாரைக் கைரேகையையோ கண்ணையோ வைத்துத் தேடித் தரும் வசதி சேவை மையத்தில் உண்டு, அப்போது 30 ரூபாய். ஆனால் பதிந்தபோது கொடுத்த மாவட்டமோ பின்கோடோ வேண்டும். சென்னை என்று போட்டுத் தேடினோம், கிடைக்கவில்லை. சௌகார்பேட்டை பின்கோடு, ராயபுரம் பின்கோடு, எதுவும் இல்லை. ஆப்பரேட்டர் பொறுமை இழந்து அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். வெளியே வந்து டீ குடிக்கும்போது, இந்தக் கடை டீயில் ஏலக்காய் தூக்கல், அக்கா மகள் கல்யாணத்தில் இப்படித்தான் இருந்தது என்றார். எந்த அக்கா? இத்தனை மாதத்தில் ஊர் என்று ஒன்று இருப்பதாகவே அவர் சொன்னதில்லை. ஆரணிப் பக்கம் தேவிகாபுரம். கல்யாணத்துக்குப் போனவர் இரண்டு மாதம் தங்கியிருக்கிறார், அப்போது பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்து எடுத்தார்களாம். டீயைப் பாதியில் வைத்துவிட்டு உள்ளே ஓடினேன். திருவண்ணாமலை மாவட்டம் என்று போட்டார், வந்துவிட்டது. பிரிண்ட்டில் பத்து வருடம் இளைய தாத்தா, மீசையோடு. அதைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அக்கா இருக்கிறாரா என்று நான் கேட்கவில்லை.

முகவரி மாற்றம் சிக்கலில்லாமல் முடிந்தது. இன்னொன்று: ஆதாரில் உங்கள் மொபைல் நம்பரைக் கொடுத்து உபகாரம் செய்யாதீர்கள். நீங்கள் வேலையை விட்டுப் போனால் அவருடைய ஓடிபி உங்கள் கூடவே போய்விடும். ஒரு பட்டன் போன் வாங்கி, சிம்மை அவர் பெயரிலேயே போடுங்கள்.

உதவித்தொகைக்கு இ-சேவையில் போடுவதற்குள் தேர்தல் அறிவித்துவிட்டார்கள். மார்ச் 16இலிருந்து ஜூன் வரை நடத்தை விதி. தாலுகா அலுவலகத்தில் எந்தக் கவுன்ட்டரில் கேட்டாலும் "எலெக்ஷன் முடியட்டும்". முடிந்தது. விசாரணைக்கு விஏஓ பகல் பன்னிரண்டு மணிக்குக் காப்பகத்துக்கு வந்திருக்கிறார். தாத்தா லோடு அடிக்கப் போயிருந்தார். "மனுதாரர் முகவரியில் இல்லை" என்று எழுதித் தள்ளுபடி. போன் கூட வரவில்லை. தாத்தாவின் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் இ-சேவைக்காரர் தன் சொந்த நம்பரைப் போட்டிருந்தார். பதிவு செய்ததும் ரசீதில் நம்பரைப் பாருங்கள், அங்கேயே நின்று பாருங்கள். இரண்டாம் மனுவை ஜூலையில் போட்டபோது நானே தாலுகா அலுவலகத்துக்குப் போய், விஏஓ வரும் நாளைக் கேட்டுக்கொண்டேன். அன்றைக்கு ஒருநாள் கூலியை நான் தருகிறேன் என்று தாத்தாவை உட்காரவைத்தேன். மறுத்துவிட்டார். "வூட்ல இருக்கிறதுக்கு எவனாவது கூலி வாங்குவானா?"

வூடு என்று அவர் சொன்னதைக் கேட்டு நானும் வாட்ச்மேனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

டிசம்பரில் முதல் 1,200 வந்தது. பணம் கொடுக்க வந்தவரின் மெஷினில் அந்தத் தேய்ந்த கட்டைவிரல் ஆறு தடவை வைத்தும் பதியவில்லை. சோப்பு போட்டுக் கழுவி, துடைத்து, லேசாகத் தேங்காய் எண்ணெய் தடவியதும் ஏழாவது தடவை பச்சை விளக்கு எரிந்தது. முதல் செலவு வண்டிக்குப் புது டியூப்.

ரேஷன் கார்டு இன்னும் வரவில்லை. தனி ஆள், சமையல் இல்லாத முகவரி என்று இரண்டு தடவை திருப்பியிருக்கிறார்கள். திங்கட்கிழமை மறுபடியும் போகிறேன், பொறுப்பாளரின் கடிதத்தோடு. இதில் யாருக்காவது வழி தெரிந்திருந்தால் சொல்லுங்கள்.