வீட்டோடு வந்து இருக்கிறேன்: திருகோணமலைக் குறிப்புகள்

ஜூன் 3, 2025, செவ்வாய்

வேலையை விட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்று வீட்டில் வந்த அன்றே சொல்லிவிட்டேன். ஒழுங்கையில் கேட்பவர்களுக்கு மட்டும் அம்மா "லீவில வந்திருக்கிறாள்" என்கிறா. அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். மகள் கொழும்பில் கணக்காய்வு நிறுவனத்தில் இருக்கிறாள் என்று இத்தனை வருடம் பெருமையாகச் சொல்லி வந்தவ, அதை உடனே மாற்றிச் சொல்ல யாருக்கும் வாய் வராது.

ஏன் விட்டேன் என்பதை எனக்காகவே எழுதி வைக்கிறேன். தொழில் பிடிக்காமல் இல்லை. ஏ.எல்லில் (உயர்தரப் பரீட்சையில்) கணக்கீடு எடுத்த நாளிலிருந்து ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) இரண்டு பக்கமும் சரியாக வந்து நிற்கும்போது எனக்கு வருகிற சந்தோஷம் இன்னும் குறையவில்லை. ஆனால் நிதியாண்டுக் கடைசி நாளான மார்ச் 31 முடிந்தால் வவுச்சர் கட்டுகள், இரவு பத்து மணிக்கு வெள்ளவத்தை அறை, அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போக மாதக் கடைசியில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. இப்படி இன்னும் பத்து வருடம் போனால் நான் யாராக இருப்பேன் என்று யோசித்தேன், பிடித்த பதில் ஒன்றும் வரவில்லை.

என் அறை இப்போது தம்பியினுடையது. நான் அம்மம்மாவோடு படுக்கிறேன். இரவில் எழும்பி எனக்குப் போர்த்திவிடுகிறா, இந்த வெக்கையிலும்.

ஜூன் 6, வெள்ளி

வெள்ளிக்கிழமை என்றால் அப்பாவுக்கு வர்த்தமானி நாள், அரசாங்க வேலை அறிவிப்புகள் அதில் வரும். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது போனில் எழுத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்து வாசிக்கிறார். "கணக்காளர் சேவைக்கு ஏதும் வந்தா சொல்லுறன் பிள்ளை, எழுதிப் பார்."

நான் மறுக்கவில்லை. 2022இல் காஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் பால்மாவுக்கும் நாடே வரிசையில் நின்றபோது, அப்பாவின் ஓய்வூதியம் மாதம் தவறாமல் வந்ததால்தான் இந்த வீடு கடன்படாமல் தப்பியது. அதே நேரம் 2017இல் கிழக்கின் பட்டதாரிகள் வேலை கேட்டு மாதக்கணக்காக வீதியோரத்தில் இருந்ததையும் பார்த்தவள் நான், எனக்குத் தெரிந்த அக்காமாரும் அதில் இருந்தார்கள். காத்திருப்பதே ஒரு வேலையாகிவிடும் என்பதுதான் என் பயம். அதை இன்றைக்கு அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

ஜூன் 10, செவ்வாய், போயா

பொசன், பௌத்தர்களின் பௌர்ணமி விடுமுறை. தெற்கிலிருந்து வான் வானாக ஆட்கள், கன்னியா வெந்நீரூற்று, கோணேசர் கோயில், புறாத்தீவு எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரத்தில். உப்புவெளியில் மாமாவின் விடுதியில் ஒரு அறைகூட மிச்சமில்லை, மாமி என்னையும் உதவிக்குக் கூப்பிட்டா. காலையில் சம்பல் இடித்தேன், மத்தியானம் துவாய், படுக்கை விரிப்பு எல்லாம் மாற்றினேன்.

அப்புறம்தான் மாமாவின் மேசை லாச்சியைக் கவனித்தேன். அறை வாடகை அதற்குள் போகிறது. அதற்குள்ளிருந்தே மீன்காரருக்கு, காஸ் சிலிண்டருக்கு, மச்சாளின் ரியூஷனுக்கு என்று போகிறது. கணக்கு இல்லாமலில்லை, ஒரு சீ.ஆர் கொப்பி இருக்கிறது. ஒரு வரியில் "அறை 4 – 9000", அடுத்ததில் "பாரை 2 கிலோ", அதற்குக் கீழே "கோயில் 5000", பிறகு "தம்பி 20000". எந்தத் தம்பி என்று கேட்டேன். மாமா கண்ணை மூடி யோசித்துவிட்டு, "தண்ணி மோட்டர் திருத்த வந்த தம்பி" என்றார்.

கொப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 19, வியாழன்

கொப்பியை வரி வரியாகப் பிரித்தேன், வீட்டுச் செலவு ஒரு பக்கம், விடுதிச் செலவு ஒரு பக்கம். பழைய கொப்பிகளையும் மாமி தேடித் தந்தா. மாரி மாதங்களில் விடுதி நட்டம் என்றுதான் இந்தக் குடும்பத்தில் எல்லாரும் நம்பிக்கொண்டிருக்கிறோம். இங்கே மே தொடக்கம் செப்டெம்பர் வரை கடல் சாந்தமாக இருக்கும், வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் புறாத்தீவுக்குப் படகு ஓட்டம் படுத்துவிடும், அறைகள் வெறுமையாகும், அது உண்மைதான். ஆனால் மாரியைத் தாங்குகிற அளவுக்கு சீசனில் வருமானம் வரத்தான் செய்கிறது! அது லாச்சியிலிருந்து வீட்டுக்குள் போய்க்கொண்டே இருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. கார்த்திகையில் மாமியின் நகை அடகுக்குப் போகிறது, ஆனி ஆடியில் மீட்கிறார்கள், அடுத்த கார்த்திகையில் திரும்பவும் போகிறது. அந்த வட்டி கொப்பியில் எங்கேயும் தனியாக இல்லை. நான்தான் அடகு ரசீதுகளிலிருந்து கூட்டி எடுத்தேன், கூட்டி முடித்ததும் மனது கஷ்டமாகிவிட்டது.

மாமாவிடம் இரண்டே விஷயம் சொன்னேன். வீட்டுக்கென்று மாதம் ஒரு தொகையைச் சம்பளம் மாதிரி எடுங்கள், அதற்கு மேல் லாச்சியைத் தொடாதீர்கள். மாரிக்கென்று வங்கியில் தனிக்கணக்கு, அறை நிறைந்த ஒவ்வொரு கிழமையும் அதில் போடுங்கள். மாமா ஒன்றும் பேசவில்லை. மாமிதான், "இதை ஏன் முதலே ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லேல்ல?" என்று கேட்டா.

அந்தக் கேள்வியோடுதான் இன்று முழுக்க இருக்கிறேன். கணக்காய்வில் என் கைக்கு வந்ததெல்லாம் முடிந்துபோன வருடங்கள். நடந்ததைச் சரி பிழை பார்ப்பது தேவையான வேலை, அதை நான் மதிக்கிறேன், என்னிடம் இருக்கிற தொழில் முழுக்க அங்கே கற்றதுதான். ஆனால் கார்த்திகையில் வரப்போவதை ஆனியிலேயே ஒருவருக்குச் சொல்ல முடிகிற இடத்தில்தான் நான் இருக்க வேண்டும். கொழும்பில் இருந்து எத்தனை இரவு யோசித்தும் கிடைக்காதது இது.

ஜூலை 2, புதன்

காசு விஷயம். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கான படிவத்தை நிரப்பினேன். வேலை கொடுப்பவர் மாதாமாதம் கட்டுகிற 3 வீதம் அது, வேலையை விட்டால் எடுக்கலாம். ஊழியர் சேமலாப நிதியம் (எங்கள் பங்கு 8 வீதம், அவர்கள் பங்கு 12) பெண்களுக்கு 50 வயதுவரை கிடக்கும், கிடக்கட்டும். கலியாணம் என்றால் முந்தியே எடுக்கலாமாம் என்று மாமி ஞாபகப்படுத்தினா. எனக்குப் புரிந்தது, பதில் சொல்லவில்லை.

வீட்டுச் செலவுக்கென்று கொஞ்சம் நீட்டினேன், அம்மா வாங்கவே இல்லை. கரண்ட் பில்லை மட்டும் போனில் நானே கட்டிவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

பின்னேரம் அப்பாவோடு கோணேசர் கோயிலுக்கு நடந்து போனேன். கோட்டை வாசல் தாண்டினால் வழக்கம்போல மான்கள். அப்பா பேசத் தொடங்குவார் என்று தெரியும், ஏற்றத்தில் மூச்சு வாங்க நின்ற இடத்தில் தொடங்கினார். நான் யோசித்திருக்கிறபடி இங்கேயே இருந்து சின்னக் கடைக்காரருக்கும் படகுக்காரருக்கும் கணக்கு எழுதினால் அவர்கள் காசு தருவார்களா, சீசன் முடிய என்ன செய்வாய் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கையில் இருப்பதைக் கொண்டு தை மாதம்வரை தாங்கலாம், அதற்குள் எத்தனை பேர் மாதக்கட்டணத்துக்குச் சம்மதிக்கிறார்கள் என்று பார்ப்பேன், போதாவிட்டால் ஏ.எல் பிள்ளைகளுக்குக் கணக்கீடு வகுப்பு எடுப்பேன் என்றேன். நான் அதைத் தொகையோடு சொன்னதும் அவர் முகம் கொஞ்சம் இளகியது.

"சீஏ கடைசிப் பகுதியை மட்டும் விட்டிடாதை."

சரி என்றேன். அது அவருக்காக மட்டும் சொன்னதில்லை. அந்தப் பட்டயக் கணக்காளர் பரீட்சையை முடித்தால் நான் எழுதுகிற கணக்குக்கு வங்கிக்காரரிடமும் ஒரு மதிப்பு இருக்கும், கடன் கேட்டுப் போகிற சின்ன ஆட்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி!

ஜூலை 27, ஞாயிறு

மாமா சொல்லி, நிலாவெளியில் படகு வைத்திருக்கும் ஒரு அண்ணா வீட்டுக்கு வந்தார். புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றுகிறவர். கணக்குக் கொப்பிகூட இல்லை, எல்லாம் போன் குறிப்பிலும் தலைக்குள்ளும். டீசல், என்ஜின் திருத்தம், உதவியாளர் கூலி என்று கேட்டுக் கேட்டு எழுதினேன், அம்மா இரண்டு தரம் தேத்தண்ணி கொண்டுவந்தா. கட்டணத்தைச் சொன்னதும் யோசித்தார், மாரி மாதங்களில் பாதி தந்தால் போதும், மிச்சத்தை சீசனில் தரலாம் என்றேன், ஒத்துக்கொண்டார். ஓகஸ்ட் முதலாம் திகதி தொடங்குகிறோம். அதுவரை டீசல் பில் ஒன்றையும் எறிய வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

அவர் போன பிறகு பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலால் யார் வந்தது என்று கேட்டா. "மகளிட்டக் கணக்குப் பார்க்க வந்தவை" என்றா அம்மா.