அளவு ஜாக்கெட்

சின்னவள் லேப்டாப்பை ஆன் செய்துவிட்டுக் குளிக்கப் போனால், தலை துவட்டிக்கொண்டு வரும்போதுதான் திரையில் ஏதாவது தெரியும். "ரேம் போட்டா பறக்கும்" என்று ஒரு வாரமாக வீட்டில் பெருமையடித்தது நான்தான். ரேம் என்றால் கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது பயன்படுத்தும் மெமரிப் பலகை. சனிக்கிழமை சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருக் கூட்டத்தில் இடிபட்டு, பேரம் பேசி, 4 ஜிபி டிடிஆர்3 வகை ரேம் ஒன்றை வாங்கி வந்தேன்.

அடிமூடியில் பத்து ஸ்க்ரூ. பத்தாவது ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருந்தது. அதைக் கண்டுபிடிக்கவே முக்கால் மணி நேரம். திறந்து பார்த்தால், உள்ளே இருக்கும் ரேம் ஆள்காட்டி விரல் அளவு. நான் வாங்கி வந்ததோ அதைப்போல் இரண்டு பங்கு. வீட்டம்மா தையல் டேப்பை எடுத்து வந்து, யாரும் கேட்காமலே அளந்தாள். "இது பதிமூணு சென்டிமீட்டர். அது ஏழுகூட இல்ல. அளவு ஜாக்கெட் இல்லாம டெய்லர் கடைக்கு யாராவது போவாங்களா?"

"பாதியா வெட்டினா?" என்றார் அப்பா. விளையாட்டுக்கு இல்லை, ஹேக்ஸா எங்கே இருக்கிறது என்றும் சொன்னார். நான் வாங்கி வந்தது டெஸ்க்டாப் ரேம், அதற்கு 240 பல், வெட்டினால் 120. லேப்டாப் கேட்பதோ 204 என்று விளக்கினேன். கணக்கு சரிதான் என்று ஒப்புக்கொண்டார்.

டெஸ்க்டாப் பெட்டி கிராமத்து வீடு மாதிரி. ரேம் அங்கே நெட்டுக்குத்தாக நிற்கும். இரண்டு கட்டைவிரலால் அழுத்தினால் கிளிப் 'டக்'கென்று கவ்வும். லேப்டாப் ஒண்டுக்குடித்தனம். சாய்வாக நுழைந்து, அப்படியே மல்லாந்து படுத்துக்கொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. திங்கள்கிழமை ஆபீசுக்குப் பர்மிஷன் போட்டுவிட்டு, பழைய ரேமைக் குங்குமச் சிமிழில் வைத்து எடுத்துப் போனேன். "கவர் பிரிச்சிட்டீங்க, ரிட்டர்ன் கிடையாது சார். லேப்டாப்புக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே?" நீ கேட்டாயா தம்பி? சரி, விடுங்கள். சிமிழைத் திறந்து ஸ்டிக்கரைப் படித்தவன், எனக்குக் கொடுக்கக் கையில் எடுத்திருந்த லேப்டாப் ரேமைத் திரும்பக் கடைக்குள்ளேயே வைத்தான். "இதுல 'பிசி3எல்'னு இருக்கு சார். 1.35 வோல்ட். சாதா டிடிஆர்3 1.5 வோல்ட், அதைப் போட்டா உங்க லேப்டாப் எழுந்திருக்காது." ஒற்றை 'எல்' எழுத்து! சிமிழ் இல்லாவிட்டால் மூன்றாவது நடையும் நடந்திருப்பேன். இதை வீட்டில் சொல்லவில்லை.

இப்போது சின்னவள் பல் தேய்த்து முடிப்பதற்குள் திரை வந்துவிடுகிறது.

வீணாய்ப் போன அந்த நீள ரேமை அப்பா கேட்டு வாங்கிக்கொண்டார். பழைய பில்லில் சுற்றி, மேலே 'கம்ப்யூட்டர் பாகம், நல்ல நிலை' என்று தேதி போட்டு எழுதி, தன் பிஸ்கட் டின்னில் வைத்தார். டின்னுக்குள் அவருடைய பழைய டெஸ்க்டாப்பின் பவர் கார்டு சுருட்டி வைத்திருந்தது. போன பொங்கலுக்கு நான் அந்தப் பெட்டியைக் காயலான் கடைக்குப் போட்டபோது, ஒயர் மட்டும் எப்படியோ விட்டுப்போச்சு என்றார். விட்டுப்போன ஒயரிலும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது, அதே கையெழுத்தில்.