சட்டமன்றத்தில் ஊருக்கு நிதி கேட்க

நகராட்சி நிர்வாகத் துறையின் மானியக் கோரிக்கை (துறைச் செலவுக்கு அவையிடம் ஒப்புதல் கேட்பது) விவாதத்துக்கு வரும் வாரத்தில் எம்.எல்.ஏ.விடம் மனு கொடுப்பது ரொம்பத் தாமதம். துறைகளின் செலவு மதிப்பீடு பட்ஜெட்டுக்குச் சில மாதம் முன்பே நிதித்துறைக்குப் போய்விடும். தீபாவளியை ஒட்டியே தொடங்கிவிடுங்கள்.

"எங்க ஊருக்குப் பாதாளச் சாக்கடை வேணும்" என்ற ஒற்றை வரி மனுவால் பயனில்லை. நகர்மன்றத் தீர்மானத்தின் நகல் (எண், தேதியோடு), பொறியாளர் கையெழுத்திட்ட மதிப்பீடு, நிலத்தின் சர்வே எண் மூன்றும் வேண்டும். பெரும்பாலும் சிக்கலாவது நிலம்தான். கழிவுநீரேற்று நிலையத்துக்குக் குறித்த இடம் நீர்நிலைப் புறம்போக்கு (ஏரி, குளம், வாய்க்காலுக்கான அரசு நிலம்) என்று தெரிந்தால் கோப்பு அப்படியே திரும்பிவிடும். அதனால் நிலத்தின் வகையைச் சொல்லும் வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டில் முதலிலேயே பார்த்துவிடுங்கள், தயவுசெய்து.

எம்.எல்.ஏ.வின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், அதுவும் முழுத் தொகுதிக்கும். சாக்கடைத் திட்டத்துக்கு அது எந்த மூலைக்கு? எம்.எல்.ஏ.விடம் அதைக் கேட்காமல், அவையில் கேள்வி எழுப்பச் சொல்லுங்கள். கேள்வியை நீங்களே எழுதிக் கொடுங்கள்: எந்த வார்டுகள், எத்தனை வீடுகள், கோப்பு இப்போது எந்த அலுவலகத்தில்.

அமைச்சர் "செய்து தரப்படும்" என்றால் அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள். அவையில் தந்த வாக்குறுதி நிறைவேறியதா என்று பார்க்கத்தான் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. ஆறு மாதம் கழித்தும் வேலை நகரவில்லையென்றால், அந்தத் தேதியோடு குழுவுக்கு எழுதுங்கள்.