சேற்றுக்குழியிலிருந்து தொடங்குங்கள்: சியாவ் ஹோங்கைப் படித்த அனுபவம்

முதுகலையில் சீன நவீன இலக்கியம் ஒரு தாள். சீனப் பெண் எழுத்தாளர் சியாவ் ஹோங் பற்றிய முதல் உள்தேர்வில் எனக்குப் பாதி மதிப்பெண்கூட வரவில்லை. நான்கு பக்கம் எழுதியிருந்தேன். 1911இல் வடகிழக்குச் சீனாவின் ஹுலானில் பிறந்தது, வீட்டை விட்டு வெளியேறியது, 1932இல் ஹார்பின் விடுதியொன்றில் கர்ப்பிணியாகக் கடனோடு கைவிடப்பட்டது, எழுத்தாளர் சியாவ் ஜுன் துணைக்கு வந்தது, முப்பது வயதில் இறந்தது. விடைத்தாளின் ஓரத்தில் ஆசிரியர் கேட்டிருந்தார்: "இதில் நாவல் எங்கே?"

நியாயமான கேள்வி. சியாவ் ஹோங்கின் வாழ்க்கை நெஞ்சைப் பிழிவது; அதிலேயே மூழ்கிப்போனேன். அடுத்த முறை வாழ்க்கை வரலாற்றை மூடிவைத்துவிட்டு, அவருடைய 'ஹுலான் நதிக் கதைகள்' நாவலைக் குறிப்பெடுக்காமல் ஒருமுறை படித்தேன்.

அதில் ஊர்த் தெருவின் நடுவே ஒரு பெரிய சேற்றுக்குழி வருகிறது. குதிரைகள் விழுகின்றன, ஊரே கூடி வேடிக்கை பார்க்கிறது. சுவரை இடிக்கலாம் என்கிறார் ஒருவர், மரம் நடலாம் என்கிறார் இன்னொருவர். மண்ணைக் கொட்டி மூடலாம் என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை. நோயில் செத்த பன்றியின் இறைச்சி மலிவாக விற்கும்போது, குழியில் மூழ்கிச் செத்த பன்றி என்று சொல்லி மன உறுத்தலில்லாமல் தின்னவும் அந்தக் குழி உதவுகிறது. பிறகு வரும் சிறுமி மருமகளைக் குணப்படுத்துவதாகச் சொல்லிக் கொதிநீரில் முக்குகிறார்களே, அவர்களும் இதே ஊர்க்காரர்கள்தான். அந்த அத்தியாயத்தைக் குழியோடு சேர்த்துப் படியுங்கள். சியாவ் ஹோங் எதன்மேல் கோபப்படுகிறார் என்பது தானே புரியும்.

அதன் பிறகுதான் ஆண்டு, ஊர், எழுதியது என்று மூன்று பத்திகளில் ஓர் அட்டவணை போட்டேன். 1934, சிங்தாவ்: 'வாழ்வு சாவுக் களம்' எழுதி முடித்தார். 1935, ஷாங்காய்: புகழ்பெற்ற எழுத்தாளர் லூ சுன் முன்னுரையோடு அது வெளிவந்தது. 1940, ஹாங்காங்: 'ஹுலான் நதிக் கதைகள்' நிறைவுற்றது. இந்த மூன்றாவது வரியில் வெகுநேரம் நின்றேன். குளிரில் நிலமே வெடிக்கும் ஊரை, பனி விழாத ஊரில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அவர் ஊர் அப்போது ஜப்பானியர் பிடியில் இருந்தது. ஹாங்காங்கும் 1941 டிசம்பரில் வீழ்ந்தது. அடுத்த மாதம் 22ஆம் தேதி அங்கேயே இறந்தார்.

பெயர்களிலும் கவனம் வேண்டும். சியாவ் ஹோங் புனைபெயர்; இயற்பெயர் ஜாங் நய்யிங். சியாவ் ஜுன் என்பதும் புனைபெயர்தான். முன்னால் வரும் 'சியாவ்' ஒன்றாக இருப்பதால் அவர்களை அண்ணன் தங்கை என்று எழுதிவிடாதீர்கள்.

ஆண்டுத் தேர்வில் அவருடைய வாழ்வையும் படைப்பையும் பற்றித்தான் கேட்டார்கள். சேற்றுக்குழியிலிருந்து தொடங்கினேன். ஹார்பின் விடுதிக்கு இரண்டு வரிதான் கொடுத்தேன்.