மருந்து முதலில், பிரஷ் அப்புறம்

எச்.ஐ.வி.யோடு வாழும் பிள்ளைகளின் பல் சொத்தைக்கு மிட்டாயை மட்டும் திட்டுவது நியாயமில்லை. தொற்று வராமல் தடுக்கத் தரும் கோட்ரைமாக்சசோல் சிரப், வாய்ப்பூஞ்சைக்குத் தரும் நிஸ்டாட்டின் திரவம் இரண்டிலும் பெரும்பாலும் சர்க்கரை இருக்கும். தூக்கத்தில் உமிழ்நீர் குறைவதால், ராத்திரி கொடுத்த சிரப் விடியும்வரை பல்லிலேயே ஊறும். அதனால் மருந்து முதலில், பிரஷ் கடைசியில். நிஸ்டாட்டின் என்றால் உடனே துலக்கக் கூடாது. அது புண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால்தான் வேலை செய்யும். அரை மணி கழித்துத் துலக்கலாம்.

ஃபுளூரைடு 1000 பி.பி.எம். உள்ள பேஸ்ட் போதும். 3 வயதுவரை ஓர் அரிசி அளவு, அதன்பின் பட்டாணி அளவு. நுரையைத் துப்பட்டும், தண்ணீரால் கொப்பளிக்க வேண்டாம்.

நாக்கில் வெள்ளையா? ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். பால் படிவு சட்டென்று போய்விடும். பூஞ்சை சுலபத்தில் வராது, உரிந்தால் அடியில் சிவந்து ரத்தம் கசியும். மறுபடி சுரண்டாதீர்கள். குணமாகியும் திரும்பத் திரும்ப வந்தால் பல் டாக்டரோடு நிறுத்தாமல் ஏ.ஆர்.டி. மையத்திலும் (எச்.ஐ.வி. மருந்து தரும் இடம்) சொல்லுங்கள், மாத்திரை தவறுகிறதா, வைரஸ் அளவு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். கிருமி கொல்லும் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷை நிஸ்டாட்டினோடு சேர்த்துக் கொடுத்தால் இரண்டும் வீரியம் இழக்கும்.

பல் பிடுங்குவதற்கு முன் ரத்தம் உறைய உதவும் ரத்தத்தட்டு, தொற்றை எதிர்க்கும் வெள்ளையணு எண்ணிக்கை தெரிந்திருப்பது நல்லது. தனிக் கருவி தேவையில்லை, எல்லோருக்கும் செய்யும் அதே ஆட்டோகிளேவ் (நீராவியால் கிருமி நீக்கும்) முறைதான். எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதை இந்தியாவின் 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் தடை செய்கிறது.