நான் மஞ்சள், நீங்கள் நீலம்

பாய்மரப் படகுப் போட்டி என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவர் சென்னையின் நேத்ரா குமணன். இந்த விளையாட்டில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். அவர் ஓட்டுவது ஒரே ஒருவர் செல்லும் படகு. டோக்கியோவில் அந்தப் பிரிவில் நாற்பதுக்கும் மேற்பட்ட படகுகள் ஒன்றாகக் கிளம்பின. நான் நடுவராக இருப்பது வேறொரு வகையில்: மேட்ச் ரேசிங். இரண்டே படகுகள், ஒரே மாதிரியானவை. யார் முன்னால் வந்தார் என்பது மட்டும்தான் கணக்கு.

ஆக்லாந்தில் வார நாட்களில் ஒரு சரக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் எனக்குக் கணக்கு வேலை. போட்டி நாட்களில் வைட்டமாட்டா துறைமுகத்தில் நடுவர் படகு. இதற்குச் சம்பளம் கிடையாது; மதியச் சாப்பாடும் நனைந்த உடைகளும் உண்டு. முதலில் மிதவைகளை நட்டு எடுக்கும் படகில்தான் இருந்தேன். அப்புறம் விதிகளைப் படித்து, பயிற்சிக்குப் போய், மூத்த நடுவர்களுக்குப் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தேன். பெண்கள் போட்டி என்றால் விடுப்பு எடுத்துக்கொண்டாவது போய்விடுவேன்.

எங்கள் வேலை நடக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும், வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியாது. மோட்டார் வைத்த ஒரு ரப்பர் படகில் இரண்டு நடுவர்கள். ஒருவர் மஞ்சள் படகாகப் பேசுவார், இன்னொருவர் நீலப் படகாக. தொடக்கக் கோட்டின் வலது முனையிலிருந்து உள்ளே நுழையும் படகு மஞ்சள் கொடியும், இடது முனையிலிருந்து நுழைவது நீலக் கொடியும் கட்டியிருக்கும். தொடக்கத்துக்கு நான்கு நிமிடம் முன்பு சண்டை ஆரம்பிக்கிறது. நாங்கள் பின்னாலேயே போய்க்கொண்டு வாய் ஓயாமல் பேசுவோம். காற்றை வலப்பக்கத்திலிருந்து வாங்கும் படகு ஸ்டார்போர்டில், இடப்பக்கத்திலிருந்து வாங்குவது போர்ட்டில்.

"நான் மஞ்சள். ஸ்டார்போர்டில் வருகிறேன். வழி எனக்கு."

"நான் நீலம். போர்ட்டில் இருக்கிறேன். விலக வேண்டியது நான்தான். விலகிக்கொண்டிருக்கிறேன்."

"நான் மஞ்சள். காற்றுக்கு நேராகத் திரும்புகிறேன். உங்களுக்கு இடம் விட்டிருக்கிறேன்."

யாருக்காவது அநியாயம் நடந்ததாகத் தோன்றினால் அந்தப் படகிலிருந்து ஒரு கொடி உயரும். சில நொடிகளில் நாங்கள் பதில் சொல்லியாக வேண்டும். பச்சை வெள்ளைக் கொடி காட்டினால் தண்டனை இல்லை. மஞ்சளோ நீலமோ காட்டினால் அந்தப் படகுக்குத் தண்டனை. அவ்வளவு வேகத்தில் முடிவெடுக்க முடிவது முதலிலிருந்தே பேசிக்கொண்டு வருவதால்தான். கொடி ஏறும்போது என்ன நடந்தது என்பதில் எங்கள் இருவருக்கும் ஏற்கெனவே ஒத்த கருத்து இருக்கும்.

இந்த வேலையில் நான் மிகவும் மதிப்பது ஒரு வழக்கத்தை. கடைசியாக எது உறுதியாகத் தெரிந்ததோ, அதுவே நிலைமை. மாறிவிட்டது என்று உறுதியாகத் தெரியும் வரை மாறவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் படகின் மூக்கு முன் படகின் வால் கோட்டைத் தாண்டியதா என்பது எங்கள் கோணத்திலிருந்து சரியாகத் தெரியவில்லை என்றால், தாண்டவில்லை. தாண்டியிருக்கும் என்ற ஊகத்துக்கு அங்கே இடமில்லை. அலுவலகத்தில் யாராவது "அந்தப் பணம் வந்திருக்கும்" என்றால் இப்போதெல்லாம் நான் கணக்கைத் திறந்து பார்க்காமல் அடுத்த வரிக்குப் போவதில்லை.

இதே பேச்சு அணிகளுக்குள்ளும் நடக்கிறது. நாங்கள் நெருக்கமாகப் போவதால் காதில் விழும். முன்னால் நிற்பவர் கோட்டுக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று சொல்கிறார். பாயை இழுத்துப் பிடிக்கும் ட்ரிம்மர் வேகம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்கிறார். ஒருவர் எதிராளியை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறார். சுக்கான் பிடிக்கும் ஸ்கிப்பர் பெரும்பாலும் கேட்பவர். பிரெஞ்சோ ஸ்வீடிஷோ எனக்குத் தெரியாது. ஆனாலும் ஓர் அணி நன்றாக இருக்கிறதா என்பது அந்தப் பேச்சின் சீரிலேயே தெரிந்துவிடும். நல்ல அணியில் தண்டனைக் கொடி விழுந்த பிறகும் குரல் மாறாது. மாறும் அணி அடுத்த மிதவைக்குள் பெரும்பாலும் இன்னொரு தண்டனை வாங்கும்.

ஓர் அரையிறுதி நன்றாக நினைவிருக்கிறது. முன்னால் போன படகின் மேல் ஒரு தண்டனை நின்றது. தண்டனை என்றால் படகைச் சுற்றித் திருப்ப வேண்டும். அதை உடனே செய்ய வேண்டியதில்லை, இறுதிக் கோட்டைத் தாண்டுவதற்குள் செய்தால் போதும். நடுவில் எதிராளிக்கும் ஒன்று விழுந்தால் இரண்டும் கழிந்துவிடும். அதனால் முன்னால் போகிறவர் சுமந்துகொண்டே போவார். பின்னால் வருகிறவர் அதைத் தெரிந்துகொண்டு விரட்டுவார். கடைசிச் சுற்று, காற்று பின்னாலிருந்து. பின்காற்றுக்கு ஏற்றும் பெரிய பாயான ஸ்பின்னேக்கரை இறக்கி, காற்றுக்குள் திரும்பி, மறுபடி கோட்டை நோக்கி வர எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை அந்த ட்ரிம்மர் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். "போதாது. போதாது. இன்னும் போதாது." கோட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் வேறு வழியில்லை, திரும்பினார்கள். மற்றப் படகு அரைப் படகு நீளத்தில் முந்தியது. அவர்கள் படகில் யாரும் யாரையும் திட்டவில்லை. அந்த ட்ரிம்மர் சொன்னது கடைசி வரை சரியாகத்தான் இருந்தது.

இந்த ஆட்டம் ஒலிம்பிக்கில் இல்லை என்பதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. பெண்களுக்கான மேட்ச் ரேசிங் ஒரே ஒரு முறைதான் அங்கே நடந்தது, 2012இல், லண்டன் ஒலிம்பிக்கின் பாய்மரப் போட்டிகள் நடந்த வேமத்தில். பன்னிரண்டு அணிகள், அணிக்கு மூன்று பேர். படகு எலியட் 6 மீட்டர். அதை வடிவமைத்த கிரெக் எலியட் இந்த ஊர் நியூசிலாந்துக்காரர். இறுதியில் தமாரா எச்செகோயனின் ஸ்பெயின் அணி ஒலிவியா பிரைஸின் ஆஸ்திரேலிய அணியை 3-2 என்று வென்றது. ஐந்தாவது ஆட்டம் வரை போன இறுதி! ஆனால் அடுத்த ஒலிம்பிக்கில் இந்தப் பிரிவு இருக்காது என்று 2011லேயே முடிவாகிவிட்டது. தங்கள் ஆட்டத்துக்கு அடுத்த வாய்ப்பு இல்லை என்று தெரிந்தேதான் அந்தப் பெண்கள் அப்படி ஆடினார்கள். எச்செகோயன் பிறகு வேறு வகைப் படகுக்கு மாறி ரியோவுக்கும் டோக்கியோவுக்கும் போனார். மாற முடியாதவர்கள் எத்தனை பேர் விலகியிருப்பார்கள் என்று யோசித்தால் கோபம் வருகிறது. பெண்கள் குழுவாகப் பெரிய படகு ஓட்டக் கற்கும் இடம் இது. போட்டியை நடத்துபவர்களே படகு தருவதால், சொந்தப் படகு வாங்க முடியாத அணியும் வந்து மோதலாம்.

பெரிய படகுகளின் கதவு பெண்களுக்கு மெதுவாகத்தான் திறந்தது. அமெரிக்கா கோப்பை என்ற பெரிய பாய்மரப் போட்டியின் 1995 தகுதிச் சுற்றில் பெண்களை வைத்து ஒரு படகு இறங்கியது. அதில் சுக்கான் பிடித்த லெஸ்லி எக்னாட், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் நியூசிலாந்துக்கு வெள்ளி வாங்கியவர். அமெரிக்கா கோப்பையில் பெண்களுக்கென்று தனிப் போட்டி வந்தது 2024இல், அதே பார்சிலோனாவில். நடுவில் இருபத்தொன்பது ஆண்டுகள்.

ஒவ்வொரு நாள் மாலையும் நடுவர்களும் அணிகளும் சேர்ந்து உட்காருவோம். எந்தக் கொடி ஏன் காட்டினோம் என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அரையிறுதி நாளன்றும் உட்கார்ந்தோம். தோற்ற அணியின் ஸ்கிப்பர் மேஜையில் இரண்டு உப்புக் குப்பிகளைப் படகுகளாக வைத்து, தண்டனை விழுந்த இடத்தைக் காட்டச் சொன்னார். நகர்த்திக் காட்டினேன். நாங்கள் எங்கே "உறுதி" என்று சொன்னோம், அப்போது அவர் படகு எங்கே இருந்தது என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம் அந்த ட்ரிம்மர் பெண் என் பக்கம் நாற்காலியை இழுத்துப்போட்டு, நடுவர் பயிற்சி அடுத்தது எப்போது, அதற்கு எப்படிப் பெயர் கொடுப்பது என்று கேட்டார். படிவம் என் கைப்பேசியில் இருந்தது, அங்கேயே அனுப்பிவிட்டேன்.