தடைக்காலம் முழுக்க ஆல்பின்: 23 ஆட்டம் வரை

ஏப்ரல் 15-ல் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை தொடங்கியதிலிருந்து, பாம்பன் வடகடல் கரையில் சித்தப்பாவுக்கு வலை சரிபார்க்கும் வேலை மட்டும்தான். சாயங்காலம் கொட்டகையில் செஸ் விரிப்பைப் போட்டு, காற்றில் பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் ஈயக்குண்டு வைத்து உட்காருவோம். வெள்ளை கிடைத்தால் அவர் முதலில் ஒரு சிப்பாயை டி4 கட்டத்துக்கு நகர்த்துவார், அடுத்து சி4தான். பதிலுக்கு வருஷக்கணக்காக இ6 வைத்தே ஆடிச் சலித்துவிட்டது. தடை முடியும் ஜூன் 14 வரை கருப்பில் ஆல்பின் எதிர் காம்பிட் மட்டும் ஆடுவது என்று முடிவெடுத்தேன். இரண்டாவது நகர்த்தலிலேயே ஒரு சிப்பாயைப் பலி கொடுக்கும் ஓப்பனிங், அதாவது ஆட்டத் தொடக்க முறை, அது.

டி4 டி5, சி4 இ5.

"என்னடா, சிப்பாயைச் சும்மா தர்ற?"

"எடுங்க சித்தப்பா."

எடுத்தார். நான் டி5 சிப்பாயை டி4-க்குத் தள்ளினேன். இந்த ஓப்பனிங்குக்கு உயிரே அந்தச் சிப்பாய்தான். பி1 குதிரையை சி3-க்கு வரவிடாது, தொண்டையில் மாட்டிய மீன்முள் மாதிரி உறுத்திக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது ஆட்டத்தில் அவர் இ3 வைத்து அதை உடைக்கப் பார்த்தார். பிஷப் பி4 செக். அவர் பிஷப் டி2. நான் இ3-ஐ வெட்ட, அவர் என் பிஷப்பை வெட்டினார். என் சிப்பாய் எஃப்2-வை வெட்டி செக். ராஜா அதை வெட்டினால் டி1 ராணி போய்விடும், அதனால் ராஜா இ2. அடுத்து ஜி1 குதிரையை வெட்டிக் கடைசி வரிசைக்கே போயாயிற்று. கடைசி வரிசையை எட்டிய சிப்பாயை வேறு காயாக மாற்றிக்கொள்ளலாம். ராணியாக மாற்றினால் வீண்: ராணிகளை மாற்றிக்கொண்டு யானையால் வெட்டிவிடுவார். குதிரையாக மாற்றினால் செக்! யானை அதை வெட்டினால் பிஷப் ஜி4 செக், ராஜா விலகியதும் பின்னால் நிற்கும் ராணி காலி. ஆனால் என் இரண்டு குதிரைகளும் பலகையில் இருந்தன. மூன்றாவதுக்கு எங்கே போவது? மணலில் கிடந்த சின்னச் சங்கு ஒன்றைத் துடைத்து ஜி1-ல் வைத்தேன். சித்தப்பா வலை ஊசியைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப நேரம் பலகையையே பார்த்தார்.

இதற்கு லாஸ்கர் பொறி என்று பெயர். 1893-ல் நியூயார்க்கில் ஆல்பின் என்ற ஆட்டக்காரர் இந்த ஓப்பனிங்கை ஆடியது, பின்னாளில் உலக சாம்பியனான லாஸ்கருக்கு எதிராகத்தான். ஜெயித்தது லாஸ்கர்.

பொறி ஒரு தடவைதான் பலிக்கும். மறுநாளே குதிரை எஃப்3, ஜி3, பிஷப் ஜி2 என்று வந்துவிட்டார். நான் ராணிப் பக்கம் கேஸ்லிங் செய்து ராஜாவை ஒதுக்க, அந்த பிஷப் நேராக பி7-ஐக் குறிவைத்தது. வரிசையாக ஐந்து தோல்வி. அப்புறம் ரஷ்ய கிராண்ட்மாஸ்டர் மொரோசெவிச் ஆடிய முறைக்கு மாறினேன்: ஜி8 குதிரையை இ7 வழியாக ஜி6-க்குக் கொண்டுவந்து, இரண்டு குதிரைகளாலும் அவருடைய இ5 சிப்பாயை நெருக்குவது. இதிலும் ஒரு ஆட்டத்தில் ராணியை இ7-க்கு நகர்த்திவிட்டு, அவசரப்பட்டு சி6 குதிரையால் இ5-ஐ வெட்டினேன். டி4-க்குக் காவல் போனது, அவர் குதிரையால் அள்ளிக்கொண்டார். இப்போது முடிந்தவரை ஜி6 குதிரையால்தான் வெட்டுகிறேன். சி6 குதிரை காவலை விட்டு அசைவதில்லை.

இதுவரை 23 ஆட்டத்தில் 9 வெற்றி, 11 தோல்வி, 3 டிரா. குதிரையை ஜி6-க்குக் கொண்டுவர ஆரம்பித்த பிறகு ஜெயிப்பது கூடியிருக்கிறது.

நேற்று ஐந்தாவது நகர்த்தலில் ஏ3 வைத்தார். பி4, பி5 என்று தள்ளி என் சி6 குதிரையைத் துரத்தும் திட்டம். துரத்தியும் விட்டார். இன்று உடனே ஏ5 வைத்துத் தடுத்துப் பார்க்கப்போகிறேன்.